விராலிமலைக்கு நேர்ந்துவிட்ட முடி

அப்பத்தா இல்லாமல் எங்கள் வீடு ஓர் ஆண்டைக் கடந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். பெற்ற மகனும் மகளும் இருக்கும்போது மருமகள் எழுதுவது முறையா என்று சிலருக்குத் தோன்றலாம். என் கணவரிடம் நானும் அதைத்தான் கேட்டேன். "எனக்கு எழுத வராது. நீ படிச்சவ. அதோட, நீ எழுத வேண்டியது ஒண்ணு இருக்குன்னு நீயே சொல்ற" என்றார். இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பொறுமையோடு கடைசி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முறைப்படி அவர் எனக்கு அத்தை. நேரில் அப்படித்தான் கூப்பிட்டேன். என் பிள்ளைகள் பேசத் தொடங்கியபின் வீட்டில் எல்லோருக்கும் அவர் அப்பத்தா ஆகிவிட்டார். தயிர் கொண்டுவரும் அம்மாளுக்குக்கூட. ஆகவே இங்கும் அப்பத்தா என்றே எழுதுகிறேன்.

அப்பத்தா பிறந்தது நார்த்தாமலைக்கு அருகில். அம்மனுக்குப் பூச்சொரிதல் வரும் நாட்களில் அந்த வீட்டுப் பெண்கள் எல்லோர் விரலிலும் ஊசிக்குத்து இருக்குமாம். அங்கேதான் சிறுவயதில் சடை தைக்கக் கற்றுக்கொண்டார். கல்யாணப் பெண்ணின் பின்னலுக்கு அடியில் வாழைமட்டைப் பட்டையை வைத்து, மல்லிகை மொட்டுகளை ஊசியால் வரிசையாகத் தைத்து, நடுவில் தாழம்பூ மடலை மடித்து வைப்பது அந்த வேலை. எல்லோரும் செய்வதுதான். ஆனால் அப்பத்தா தைத்த சடை இரண்டு பேருக்கு ஒரே மாதிரி இருந்ததில்லை. பெண்ணை அரைநாழிகை எதிரே உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருப்பார். பிறகுதான் ஊசியை எடுப்பார். ஒருத்திக்கு மயில், ஒருத்திக்கு நெற்கதிர், கடைசிவரை அழுதுகொண்டே இருந்த ஒருத்திக்கு அவள் வீட்டுக் கிணற்றங்கரைச் செம்பருத்தி. கூலி வாங்கியதில்லை. பெண் வீட்டார் வண்டி அனுப்பினால் போவார். அனுப்பாவிட்டால் நடந்தே போவார்.

மழை பொய்த்த வருஷம் ஒன்றில் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம். பூ எங்கும் கிடைக்கவில்லை. அப்பத்தா சோளத்தைப் பொரித்து, பொரியைப் பூவாகவும் வேப்பங்கொழுந்தை இலையாகவும் வைத்துச் சடை தைத்துவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் மல்லிகைதான். பெண் ஊர்வலத்தில் நடக்கும்போது பின்னாலேயே ஓர் ஆடு வந்து சடையின் நுனியைத் தின்னத் தொடங்கிவிட்டது. பெண் வீட்டார் ஆட்டை விரட்டினார்கள். அப்பத்தா மட்டும் அசையவில்லை. "விடுங்கப்பா. ஆட்டுக்கே பிடிச்சிருக்கு, மாப்பிள்ளைக்குப் பிடிக்காதா?" என்றார். அந்தப் பெண் இன்று நான்கு பிள்ளைகளுக்குத் தாய். இந்த மலர் அவர் வீட்டுக்கும் போகும்.

நான் புதுக்கோட்டையில் படித்து வளர்ந்தவள். கல்யாணமாகி இலுப்பூர்ப் பக்கம் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு மாடு பிடிக்கத் தெரியாது, அடுப்பு ஊதத் தெரியாது. "படிச்ச மருமக வந்திருக்கா, அடுப்புக்கு வாசிச்சுக் காட்டு, எரியுதான்னு பாப்போம்" என்று அப்பத்தா கேலி செய்வார். சொல்லிவிட்டு அவரே குனிந்து ஊதுவார்.

என் முதல் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. இரண்டாவது ஒன்பது மாதம் இருந்து காய்ச்சலில் போனது. அதற்குப் பிறகு சொந்தங்களுக்குள் ஒரு பேச்சு எழுந்தது. என் கணவருக்கு வேறு பெண் பார்க்கலாம் என்ற பேச்சு. யார் பேசினார்கள் என்பது இப்போது தேவையில்லை. அப்பத்தா அந்தப் பேச்சை வாசலோடு நிறுத்தினார் என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் நாம் எல்லோரும் திருச்சி ஜில்லாவில் சேர்ந்த அந்த வருஷத்தில் என் மகன் பிறந்தான். அன்றைக்கு என் பிறந்த வீட்டிலிருந்து வந்திருந்தது என் தம்பி ஒருவன்தான். எங்கள் பெற்றோர் அப்போதே இல்லை. குழந்தையை அவன் மடியில் வைத்து அப்பத்தா விராலிமலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "முருகா, இவன் நெலச்சு நின்னா மொத முடி ஒனக்கு. இந்த மாமன் மடியில வச்சே எறக்குறேன். அதுவரைக்கும் கத்தி படாது" என்று நேர்ந்துகொண்டார்.

அடுத்த மாதம் தம்பி கண்டிச் சீமைக்கு, இலங்கையில் ஒரு கடையில் வேலைக்குப் போனான். அங்கே சட்டம் மாறியது. ஊருக்கு வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று பயந்து வருஷா வருஷம் தள்ளிப்போட்டான். பையனுக்கு முடி வளர்ந்துகொண்டே இருந்தது. ஒன்றுவிட்ட மாமன் மடியில் வைத்து எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அப்பத்தா ஒப்பவில்லை. "நேந்தது இன்னார் மடின்னு சொல்லி. முருகனுக்கு ஆளு அடையாளம் தெரியாதாக்கும்?"

ஐந்து வயதில் என் மகனுக்கு இடுப்பைத் தொடும் பின்னல். அப்பத்தா தினமும் காலையில் அவனைக் கால்களுக்கு நடுவில் உட்காரவைத்துச் சீவுவார். ஒரு நாள் ஒற்றைச் சடை, ஒரு நாள் உச்சிக் கொண்டை, ஒரு நாள் காளையின் கொம்பு மாதிரி இரண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாள், பொம்பளைப் பிள்ளை என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்ய அழுதுகொண்டு வந்தான். அப்பத்தா அவனுக்குப் பதில் சொல்லிக் கொடுத்தார்: "ஒங்க மாமன் வந்துட்டாரு, எங்க மாமன் இன்னும் வரல, அம்புட்டுத்தான்னு சொல்லு." அவன் அதைப் பாடம் மாதிரி ஒப்பித்துக்கொண்டு திரிந்தான்.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது.

அடுத்த கோடையில் அவன் தலையில் வேனல் கட்டிகள் வந்தன. அடர்ந்த முடிக்குள் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சீழ் கோத்துக் காய்ச்சல் அடித்தது. இலுப்பூர் கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "முடி இருக்கும் வரை மருந்து உள்ளே போகாதும்மா" என்றார். அன்று என் கணவர் மாடு வாங்க மணப்பாறைச் சந்தைக்குப் போயிருந்தார். மாமா, அதாவது என் மாமனார், வயலில். அப்பத்தா ஒரு கல்யாணத்துக்குச் சடை தைக்கப் போயிருந்தார், சாயங்காலம் வந்துவிடுவார். பிள்ளை அனத்தினான். என் இரண்டாவது குழந்தை போன அன்றும் இதே அனத்தல்தான். சாயங்காலம் வரை நான் பொறுத்திருக்க வேண்டும். பொறுக்க முடியவில்லை. தையல் கத்தரிக்கோலை எடுத்து முழுவதையும் வெட்டிவிட்டேன். கட்டிகளைக் கழுவி மருந்து போட்டேன். அவன் தூங்கிவிட்டான்.

அதன் பிறகுதான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. வெட்டிய முடியைப் போடவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பத்தா விரலெல்லாம் பூச்சாற்றோடு வந்தார். என்னைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். முதலில் அவன் நெற்றியில் கைவைத்தார்.

"காச்ச விட்டிருக்கே."

பிறகு அவன் தலையைத் தடவிப் பார்த்தார்.

"என்னத்தா இது, எலி கொதறுன மாதிரி வெட்டியிருக்க? வெட்டுறதுன்னு ஆயிப்போச்சு, ஒழுங்கா வெட்டக் கூடாதா?"

"அத்தை..."

"கத்தரிய இங்கிட்டுக் குடு."

தூங்கும் பிள்ளையின் தலையை மடியில் ஏந்திக்கொண்டு, நான் மேடும் பள்ளமுமாக விட்டதை ஒன்றுபோல நறுக்கிச் சமன்செய்தார். முடிந்ததும், உதிர்ந்த துணுக்குகளையும் தட்டிச் சேர்த்து என் மடியில் போட்டார்.

"இப்பக் கேட்டுக்க. முடிய வெட்டுனது நான். யாரு கேட்டாலும் நாந்தான். பொய்யில்ல, நானுந்தான வெட்டுனேன்."

நான் அழுதேன். முருகன் பிள்ளையை எடுத்துக்கொள்வான் என்று சொன்னேன்.

"சாமி என்ன பங்காளியா, பழி வச்சுக் காத்துக்கிட்டு இருக்க? ஒன்னய மனுசங்க பேசுவாங்க, அதுக்குத்தான் பயப்படணும். என்னயப் பேசுனா நாலு நாளு பேசுவாங்க. ஒன்னயப் பேசுனா அது வேற பேச்சுல போயி நிக்கும். ஒனக்குன்னு வந்து கேக்க யாரு இருக்கா? தம்பி கடலுக்கு அங்கிட்டு இருக்கான்."

அந்த 'வேற பேச்சு' எதுவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இன்று இதை எழுதுகிறேன்.

வெட்டிய முடியை அப்பத்தா வீணாக்கவில்லை. சீயக்காய் போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, சிறுசிறு கொத்தாக நூலால் கட்டி, ஒரு சவுரியாகச் செய்துவிட்டார். மாமன் வந்ததும் பையனின் தலையில் வைத்துப் பின்னி, அப்படியே முருகனுக்குச் சேர்த்துவிடலாம் என்பது அவர் யோசனை. என் கணவரிடமும் மாமாவிடமும்கூடத் தானே வெட்டியதாகச் சொல்லிவிட்டார்.

நாலு நாள் என்று அப்பத்தா போட்ட கணக்கு தப்பிவிட்டது. என் கணவரின் அக்காள், நான் அண்ணி என்று அழைப்பவர், அந்த வருஷம் கைக்குழந்தைக்காரி. நான்கு மாதம் கழித்து அந்தக் குழந்தை காய்ச்சலில் இறந்தது. நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். கூடத்தில், அத்தனை பேர் முன்னால், அண்ணி தன் ஆத்தாவைப் பார்த்துச் சொன்னார்: "ஒம் பேரனுக்குக் கட்டி வந்துச்சுன்னு முருகன் முடியில கைய வச்ச. அது எம் புள்ள தலையில வந்து விடிஞ்சிருச்சு." அப்பத்தா பேசவில்லை. அவருக்குப் பின்னால் நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். நானும் பேசவில்லை.

அதிலிருந்து அண்ணி எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. தீபாவளிக்கு வரவில்லை. அதன்பின் பிறந்த என் மகளுக்குக் காது குத்தியபோது தன் தம்பிக்காக வந்தார். வாசலில் நின்று குழந்தைக்குத் திருநீறு பூசிவிட்டு அடுத்த வண்டியில் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு காரணம் வேண்டும். எனக்குத் தெரியாததா?

சொல் பரவியது. சாமி முடியை வெட்டிய கை கல்யாணப் பெண்ணின் தலையில் படுவது ஆகாது என்றார்கள். ஒருவரும் நேரில் சொல்லவில்லை. வண்டி வருவது நின்றுபோனது, அவ்வளவுதான். முகூர்த்த நாட்களில் அப்பத்தா காலையிலேயே குளித்துவிட்டுச் சும்மா நடமாடுவார். பிறகு என் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சடை பின்னுவார். நார்த்தாமலையிலிருந்து யாராவது பூ கொண்டுவந்தால், மாட்டுப் பொங்கலுக்குப் பசுவின் வாலைப் பின்னி அதிலும் தைத்துவிடுவார். "இதுக்காவது ஆகுமா, ஆகாதான்னு யாரும் கேக்கப் போறதில்ல" என்பார். மாமா சிரிப்பார். என்னால் சிரிக்க முடிந்ததில்லை.

என் மகனுக்கு எட்டு வயதாகும்போது தம்பி ஒருவழியாக வந்து சேர்ந்தான். அதற்குள் முடி தோள்வரை வளர்ந்திருந்தது. அப்பத்தா சவுரியைச் சேர்த்துப் பின்னி எங்களை விராலிமலைக்கு அழைத்துப் போனார். அடிவாரத்தில் தம்பி பையனை மடியில் வைத்துக்கொண்டான். மொட்டை போடும் பெரியவர் பின்னலைப் பிரித்ததும் கத்தியை நிறுத்திவிட்டார்.

"ஏந்தாயி, இது சவுரியால்ல இருக்கு. சாமிக்குச் சவுரியா குடுப்பாங்க?"

"அவன் தலையில மொளச்சதுதான்யா. கழுதைக்கா மொளச்சிச்சு?"

"அப்ப இது பழைய முடி, அது புது முடி. ரெண்டு தலைக்குக் கூலி ஆகுமே."

"தல எத்தனன்னு எண்ணிப் பாரு, அப்புறம் கேளு."

தம்பி சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பையன் குலுங்க, பெரியவர் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அதட்டினார். அந்த மலை வழக்கப்படி சாமிக்குப் படைக்க வாங்கிய சுருட்டுக் கட்டிலிருந்து மாமா ஒன்றை உருவி இடுப்பில் செருகிக்கொண்டதை நான் மட்டும்தான் பார்த்தேன். மலைக்கு மேலே அப்பத்தா பழைய முடியையும் புது முடியையும் ஒரே துணியில் வைத்துச் சேர்த்தார். என்னிடம் மெதுவாக, "தீந்துச்சு. இனி ஒனக்கு இதுல வேல இல்ல" என்றார்.

எனக்குத் தீரவில்லை. நான் கலங்கிப் போனது அதற்கும் சில வருஷங்கள் கழித்து.

அண்ணியின் மூத்த மகளுக்குக் கல்யாணம். பெற்ற தாய் ஆயிற்றே என்று அழைப்பு வந்தது, அப்பத்தாவும் போனார். சடை தைக்க இலுப்பூரிலிருந்து வேறொரு அம்மாளைக் கூட்டி வந்திருந்தார்கள். பேத்தியின் கல்யாணத்தில் அப்பத்தா மூன்றாவது வரிசையில், மடியில் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தார். பெண்ணை மணையில் உட்காரவைத்தார்கள். அப்பத்தா எட்டிப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். பிறகு என் காதருகே சாய்ந்தார்.

"தாழமடல ஓரம் நறுக்காம வச்சுட்டாத்தா. முள்ளு கழுத்துல குத்துது பாரு, புள்ள நெளியிறா."

"நீங்க போயி சரி பண்ணுங்க அத்தை."

"எங் கை ஆகாது. நீ போயி திருப்பி விடு. ஒங் கை ஆகும்."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. பேத்தியின் கழுத்தைத் தவிர அப்போது அவருக்கு வேறு நினைவே இல்லை. நான் எழுந்து போய் மடலைத் திருப்பினேன். பெண் திரும்பி, "நல்ல வேளை அத்தை, உயிர் போச்சு" என்றாள். பக்கத்தில் நின்ற அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். என் கை மணமேடைவரை போய் வந்தது. அப்பத்தாவின் கை மடியிலேயே இருந்தது.

அப்பத்தாவைப் பற்றி எழுத இன்னும் எவ்வளவோ இருக்கிறது. பஞ்ச காலத்தில் தன் பங்குக் கஞ்சியில் நீர் ஊற்றிப் பெருக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். கார்த்திகைதோறும் விராலிமலைக்கு நடந்தே போய்வந்தார். எழுதப் படிக்கத் தெரியாமலேயே என் பிள்ளைகளுக்குக் கோடிக்கணக்கில் கதை கட்டினார். ஒரே கதையை மறுநாள் கேட்டால் முடிவை மாற்றிவிடுவார். "நேத்து ராசா செத்தாருல்ல அப்பத்தா?" என்று மகன் கேட்டால், "இன்னைக்கு ஒனக்குப் பரீட்சை, அதனால சாகல" என்பார். அந்த மகன் இப்போது திருச்சியில் கல்லூரியில் படிக்கிறான். சனிக்கிழமை பஸ் கால்மணி தாமதித்தால் இன்றும் நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன். "அவன் வருவான், நீ ஒக்காரு" என்று சொல்ல ஆள் இல்லை.

கடைசி ஒரு மாதம் அப்பத்தா படுக்கையில் இருந்தார். கால் வீங்கி மூச்சு இரைத்தது. ஒரு மதியம் தலையைச் சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அத்தை, அண்ணிகிட்டச் சொல்லிரட்டா?"

எதை என்று அவர் கேட்கவில்லை.

"இப்ப வேணாம். நான் இருக்கயில சொன்னா ரெண்டு பேரும் ஏங் கண்ணு முன்னாடி அடிச்சுக்குவீங்க. நாந்தான் வெலக்கி விடணும். தெம்பு இல்ல."

"அப்ப எப்பச் சொல்ல?"

"நான் போனப்புறம். ஒடனே சொல்லாத, அழுறவகிட்டச் சொன்னா ஏறாது. ஒரு வருசம் போகட்டும்." சற்று மூச்சு வாங்கிக்கொண்டார். "அதுக்குள்ள நீ செத்துக்கித்துத் தொலையாத. அப்புறம் அந்தக் கெட்ட பேரு எம் பேர்லயே நின்னுரும்."

அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலையில் அப்பத்தா போய்விட்டார். அண்ணி ஓடிவந்து ஆத்தாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். பதினாறாம் நாள் கருமாதிக்கும் இருந்தார். பச்சைத் தண்ணீர் குடிக்காமல் ஊருக்குப் போனார்.

நோயில் கிடந்தபோது அழைத்த நேரமெல்லாம் வந்து பார்த்த கம்பவுண்டர் ஐயாவுக்கும், மழையில் பாடை நனையாமல் பந்தல் பிடித்து வந்த இளைஞர்களுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டில் உலை வைக்கவிடாமல் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும், நார்த்தாமலையிலிருந்து ஒரு வண்டிப் பூவோடு வந்த அப்பத்தாவின் பிறந்த வீட்டாருக்கும் எங்கள் நன்றி. அன்று அந்தப் பூவை எடுத்து அப்பத்தாவின் வெள்ளைச் சடையில் யார் தைப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தெரிந்தவர் படுத்திருந்தார். சும்மா தூவினோம்.

உறவினர்களுக்கு: என் மகனின் முடியை வெட்டிய கை அப்பத்தாவுடையது அல்ல, என்னுடையது. பழி இருந்தால் அதுவும் என்னுடையது. முருகன் பிள்ளைகளைப் பறிப்பவன் என்று நான் நம்பவில்லை, அப்பத்தாவும் நம்பவில்லை. ஆனால் நம்பியவர்கள் தவறான ஆள்மேல் பத்து வருஷத்துக்கு மேலாகக் கோபப்பட்டிருக்கிறார்கள். அதை அறிந்தும் நான் வாய் திறக்காமல் இருந்தேன். என் கணவரே இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காகிதங்களை அடுக்கி, "அச்சுக்குக் குடுத்துட்டு வாரேன்" என்று புறப்பட்டார். இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதிச் சேர்க்கும்வரை அவரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அண்ணி, மற்றவர்களுக்கு இந்த மலர் திதியன்று கையில் கிடைக்கும். உங்களுடையதை அதற்கு முந்தின நாள் நானே கொண்டுவருகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை வாசலில் நிற்கிறேன். பிறகு என்னை உள்ளே கூப்பிடுவதும் போகச் சொல்வதும் உங்கள் விருப்பம். என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், மறுநாள் உங்கள் ஆத்தாவின் திதிச் சோற்றுக்கு வந்துவிடுங்கள்.